மூவாயிரம் ரூபாய் டிவி, மாதம் 236 ரூபாய்: எண்பதுகளின் தவணைக் கணக்கு

அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்று சொல்பவர்கள் விலையை நினைவில் வைத்துக்கொண்டு சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். நான்காவது ஊதியக் குழு வந்த 1986-ல் மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தருக்கு அடிப்படைச் சம்பளம் 950 ரூபாயில் தொடங்கியது. கடைநிலை ஊழியருக்கு 750. அந்த வருடங்களில் 20 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி 3,000 ரூபாயை ஒட்டி விற்றது. அதாவது எழுத்தரின் மூன்று மாத அடிப்படைச் சம்பளம். 1982 ஏஷியாட் (ஆசிய விளையாட்டு) போட்டிகளை ஒட்டிக் கலர் வந்தபோது ஒரு கலர் டிவிக்கு எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை கேட்டார்கள். அது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம்.

வாடகை, ரேஷன், பால், பள்ளிக்கூடம் எல்லாம் போக அந்தச் சம்பளத்தில் இருநூறு ரூபாய் மிஞ்சினாலே அது கெட்டிக்காரக் குடும்பம். அதனால் டிவி வாங்குவது என்றால், மாதம் இருநூறு ரூபாயை எப்படி மூவாயிரமாக மாற்றுவது என்பதுதான் கேள்வி. அதற்கு இருந்த வழிகள் சீட்டு, கடைத் தவணை, சம்பளப் பிடித்தம், நகை அடகு. இவை ஒவ்வொன்றும் எப்படி நடந்தன, உண்மையில் எவ்வளவு வட்டி விழுந்தது என்பதை இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குகளில் வரும் தொகைகள் புரிவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரிகள். நடைமுறை மட்டும் அன்றைய நடைமுறையேதான்.

விலையில் சேராத செலவு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் கையில் பணம் இருந்தாலும் டிவி வாங்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. தொடங்கிய பிறகும், சென்னையை விட்டுத் தள்ளிப் போகப் போகப் படத்தில் புள்ளி விழுந்தது. தெற்கே பல கரையோர ஊர்களில், 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிதான் சென்னையை விடத் தெளிவாக வந்தது.

ஆகவே டிவியோடு ஆன்டெனாவும் வாங்கியாக வேண்டும். சென்னை நிலையத்தின் நான்காம் எண் அலைவரிசைக்கு உரிய ஆன்டெனாவில், அலையை வாங்கும் டைபோல் கம்பியின் நீளம் மட்டுமே ஏறத்தாழ ஏழேகால் அடி. அதன் பின்னால் கொஞ்சம் நீளமான ரிஃப்ளெக்டர், முன்னால் சற்றுக் குட்டையான டைரக்டர்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று கம்பி போதும். எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் கம்பியின் எண்ணிக்கை கூடும், இரும்புக் குழாயின் உயரம் கூடும், பூஸ்டரும் தேவைப்படும். இந்தப் பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படம் தெளியவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் நிறைய. மொட்டை மாடியிலிருந்து ஃபிளாட் வயர் வழியாக இறங்கி வருவதற்குள் அலை பலவீனப்பட்டுவிடும். அதன் பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். பூஸ்டரின் இடம் கம்பத்தின் உச்சி.

அடுத்தது ஸ்டெபிலைசர். மாலையில் ஊரே விளக்குப் போட்டதும் மின்னழுத்தம் 170, 180 வோல்ட்டுக்கு இறங்கும். படம் நாலு பக்கமும் சுருங்கும், சில நேரம் மடங்கி விழும். இது போக, தபால் அலுவலகத்தில் ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டி டிவி லைசென்ஸ் எடுக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் அது ஒழிக்கப்பட்டது. மின்சாரச் செலவு மட்டும் பெரிதாக இல்லை. அறுபது வாட் டிவி தினம் நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேலே வரும்.

ஆன்டெனா, குழாய், வயர், பூஸ்டர், ஸ்டெபிலைசர், டிவி வைக்க ஒரு மேசை. பெரும்பாலும் இவற்றுக்குத் தவணை கிடையாது, எல்லாமே ரொக்கம். முன்பணத்தை மட்டும் கணக்குப் பண்ணி டிவியை எடுத்து வந்தவர்கள், அது பெட்டிக்குள்ளேயே இருக்க, இரண்டு மாதம் கழித்துத்தான் ஆன்டெனா போட்டார்கள். தவணை மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

ஏலச்சீட்டு: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

இருபது பேர் சேர்கிறார்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய், மொத்தம் 20 மாதம். மாதாமாதம் சேரும் 4,000 ரூபாய்தான் சீட்டுத் தொகை. ஒவ்வொரு மாதமும் ஒருவர் அதை எடுக்கலாம், ஒருவருக்கு ஒரு தடவைதான். யார் எடுப்பது என்று ஏலம் முடிவு செய்யும். பணம் அவசரமாக வேண்டியவர் ‘ஐந்நூறு தள்ளி எடுத்துக்கிறேன்’ என்பார், அதாவது 4,000-ல் ஐந்நூறை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்வார். இன்னொருவர் எழுநூறு என்பார். அதிகம் தள்ளியவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் போக மீதியை இருபது பேருக்கும் சமமாகப் பங்கு போட்டு, அந்த மாதம் கட்ட வேண்டிய 200-ல் கழித்துக்கொள்வார்கள்.

முதல் மாதச் சீட்டு நடத்துபவருக்கு, தள்ளு இல்லாமல் முழுத் தொகை. புதிதாகக் கேட்பவர்களுக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் யாராவது ஒரு மாதம் கட்டாமல் விட்டால், அதைத் தன் கையிலிருந்து போட்டுச் சீட்டு எடுத்தவருக்கு முழுசாகக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும் முதல் சீட்டை அவர் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கமிஷனுக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு 5 சதவீதம். 2019-ல்தான் அது 7 ஆனது. நம் சீட்டில் 5 சதவீதம் என்றால் மாதம் 200 ரூபாய்.

இரண்டாம் மாதம் ஏலம் 1,200 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 200 போக 1,000 மிச்சம். அதை இருபதால் வகுத்தால் ஆளுக்கு 50. அந்த மாதம் எல்லோரும் 150 கட்டினால் போதும். மாதம் போகப் போக எடுக்காதவர்கள் குறைவார்கள், போட்டியும் குறையும், தள்ளும் இறங்கும். கடைசி மாதத்தில் எடுக்க ஒரே ஒருவர்தான் பாக்கி, அவரோடு போட்டி போட ஆள் இல்லை. கமிஷன் 200 மட்டும் கழித்து 3,800 வாங்கிக்கொள்வார். தள்ளு 1,200-லிருந்து 200 வரை சீராக இறங்கியது என்றால், இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டியது 4,000 அல்ல, 3,525 ரூபாய்தான்.

இப்போது ஆளுக்கு ஆள் கணக்கு மாறுவதைப் பாருங்கள். கடைசியில் எடுத்தவர் 3,525 கட்டி 3,800 வாங்கினார். லாபம் 275. பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போனது என்பதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 10 சதவீதத்தை ஒட்டி வரும். மோசமில்லாத சேமிப்பு. பதினைந்தாம் மாதம் எடுத்தவர் கட்டியதும் வாங்கியதும் அநேகமாகச் சமம்.

ஐந்தாம் மாதம் டிவிக்காக எடுத்தவர் 1,033 தள்ளி 2,967 வாங்கினார். அதுவரை அவர் கட்டியிருந்தது 817. ஆக உண்மையில் அவர் கைக்கு வந்த பிறர் பணம் 2,150 ரூபாய்தான். அதற்கு அடுத்த பதினைந்து மாதத்தில் அவர் கட்டியது 2,708. இதை மாத வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு 2.9 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட மூன்று வட்டி. சீட்டு என்பது சேமிப்பு என்று எல்லோரும் சொல்வது கடைசியில் எடுப்பவரைப் பொறுத்தவரை சரி. ஐந்தாம் மாதம் எடுத்தவருக்கு அது கடன், அதுவும் சற்றுக் காரமான கடன்.

தெரிந்தவர்கள் இதற்கேற்ப நடந்துகொண்டார்கள். தீபாவளிக்கு முந்தின மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனும் தள்ளு ஏறும் மாதங்கள். அப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பண்டிகை முடிந்து எல்லோரும் ஓய்ந்த மாதத்தில் கேட்டால் இருநூறு, முந்நூறு குறைவாகத் தள்ளியே எடுக்கலாம். டிவிக்கு என்ன அவசரம் என்று இரண்டு மாதம் பொறுத்தவருக்குக் கிடைத்த தள்ளுபடி அது.

சீட்டு முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் எடுத்தவர்கள்தான். பணம் கைக்கு வந்ததும் கட்டுவதில் ஆர்வம் போய்விடும். அதனால்தான் பதிவு பெற்ற சீட்டில் பணம் கொடுக்கும் முன் ஜாமீன் கேட்டார்கள். தெருச் சீட்டில் ஜாமீனும் இல்லை, பதிவும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான். முதல் நாலைந்து மாதத்தில் எடுத்த இரண்டு பேர் கட்டாமல் நின்றாலே நடத்துபவரால் சமாளிக்க முடியாது. நஷ்டம், கடைசிவரை எடுக்காமல் பொறுமையாகக் காத்திருந்தவர் தலையில் விழும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, கடைகள் நடத்திய குலுக்கல் திட்டம். மாதம் 100 ரூபாய், 36 மாதம், முந்நூறு பேர். மாதம் ஒருவர் பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். அவருக்கு டிவி, அதோடு அவர் பணம் கட்டுவதை நிறுத்திவிடலாம். முப்பத்தாறு பேருக்குப் பரிசு, மீதி 264 பேர் மூன்று வருடம் கழித்து 3,600 கட்டி முடித்து 3,000 ரூபாய் டிவியை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வருடமும் அவர்கள் பணம் கடைக்காரருக்கு வட்டியில்லா முதல். அதற்குள் அவர் கடையை மூடாமல் இருந்தால் சரி. 1978-லேயே நாடாளுமன்றம் பரிசுச் சீட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. ஏலச்சீட்டு அந்தத் தடையில் வராது.

கடைத் தவணை

சென்னையில் தவணை வியாபாரத்தைப் பெரிய அளவில் பரப்பியவர்களில் வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்கள் முக்கியமானவர்கள். 1978-ல் தொடங்கிய வசந்த் அண்ட் கோவும் தவணையைத் தன் பலமாக்கிக்கொண்டு வளர்ந்தது. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே டிவி தயாரித்த கம்பெனிகளின் பெட்டிகள் இப்படிப்பட்ட கடைகள் வழியாகத்தான் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன.

கடைக்காரர் கேட்டவை: சம்பளச் சான்றிதழ், முகவரிக்கு ரேஷன் கார்டு, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட புரோநோட்டு, ஒரு ஜாமீன்தாரர். ரயில்வே, வங்கி, தபால், ஆசிரியர் வேலையில் இருப்பவருக்குத் தவணை சுலபம். சொந்தத் தொழில் செய்பவர் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தாலும் முன்பணம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளக்காரரை அலுவலகத்தில் போய்ப் பிடித்துவிடலாம் என்பதே காரணம்.

தவணையில் இரண்டு வகை உண்டு, பலருக்கு அன்றும் தெரியாது. ஒன்றில், டிவியை எடுத்துக்கொண்டு போன அன்றே அது உங்கள் சொத்து, பாக்கிப் பணம் வெறும் கடன். இன்னொன்று வாடகைக் கொள்முதல். கடைசித் தவணை கட்டும்வரை டிவி கடைக்காரருடையது, மாதம் நீங்கள் கட்டுவது சட்டப்படி வாடகை. தவணை தவறினால் டிவியைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு உரிமை இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான். பத்துத் தவணை கட்டி இரண்டு பாக்கி வைத்தவரிடமிருந்தும் டிவி போன கதைகள் இப்படித்தான் நடந்தன. வாங்குபவரைப் பாதுகாக்க 1972-ல் ஒரு வாடகைக் கொள்முதல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2005-ல் நீக்கப்பட்டது. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் பேசும்.

இனி வட்டி. டிவி 3,000. முன்பணம் 600. பாக்கி 2,400. ‘ஒன்றரை வட்டிதான் சார்’ என்பார் கடைக்காரர். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் 2,400-க்கு மாதம் 36, பன்னிரண்டு மாதத்துக்கு 432. மொத்தம் 2,832. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 236. கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. ஆனாலும் அது ஒன்றரை வட்டி இல்லை.

ஏன் என்று பார்க்க, 236-ஐ இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அசலுக்கு 200, வட்டிக்கு 36. முதல் மாதம் உங்களிடம் கடைக்காரரின் 2,400 இருந்தது, அதற்கு 36 கொடுத்தீர்கள், ஒன்றரை வட்டி சரி. இரண்டாம் மாதம் உங்களிடம் இருப்பது 2,200 தான், ஆனாலும் 36. ஏழாம் மாதம் பாக்கி 1,200, வட்டி அதே 36, இப்போது அது மூன்று வட்டி. பன்னிரண்டாம் மாதம் உங்களிடம் மிச்சம் இருப்பது வெறும் 200 ரூபாய். அதற்கும் 36. நூற்றுக்குப் பதினெட்டு! கந்துவட்டிக்காரர்கூட வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் வட்டி அது.

இந்த வகைக்கு நிலையான வட்டி என்று பெயர். கடன் குறைந்தாலும் வட்டி குறையாது. பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரியாக உண்மையான வட்டியைக் கண்டுபிடித்தால் நூற்றுக்கு மாதம் 2.64 ரூபாய் வருகிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் உண்மையிலேயே ஒன்றரை வட்டி போட்டிருந்தால் மாதத் தவணை 220 ரூபாய், மொத்த வட்டி 240 தான். வித்தியாசம் 192 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு தவணை.

இதற்குள்ளே இன்னொரு வட்டி ஒளிந்திருக்கிறது. ரொக்கத்தோடு போய் நின்றவருக்கு அதே கடைக்காரர் 150 ரூபாய் குறைத்து 2,850-க்குக் கொடுப்பார். தவணைக்காரருக்கு அந்தக் குறைப்பு கிடையாது. அப்படியானால் தவணைக்காரர் உண்மையில் வாங்கிய கடன் 2,250 தான், கட்டியது மட்டும் அதே 2,832. இப்போது போட்டுப் பார்த்தால் வட்டி 3.7-ஐத் தாண்டுகிறது. ‘வட்டியே இல்லை, விலையைப் பன்னிரண்டால் வகுத்துக் கட்டுங்கள்’ என்று போர்டு வைத்த கடைகளில் வசூல் முழுவதும் இந்த வழியில்தான். இன்றைக்கு வட்டியில்லாத் தவணை என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போதும், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதத்தில் போனஸ் வந்து மொத்தமாக அடைக்கப் போனவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. பாதிக் காலம் மிச்சம், அதனால் வட்டியில் பாதி, 216 ரூபாய், குறையும் என்று நினைத்திருப்பார்கள். கடன் பெரிதாக இருந்த முதல் ஆறு மாதத்திலேயே வட்டியின் பெரும்பகுதி விழுந்துவிடுவதால், நியாயமாகக் கணக்குப் பார்த்தாலே குறைய வேண்டியது 120 ரூபாயை ஒட்டித்தான். நிறையக் கடைகள் அதையும் குறைக்கவில்லை. முன்கூட்டி அடைத்தால் என்ன கழிவு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

வசூல்காரர் மாதம் ஐந்தாம் தேதி வாக்கில் சைக்கிளில் வருவார். தவணை அட்டையில் தேதி, தொகை, கையெழுத்து மூன்றும் விழ வேண்டும். ‘அட்டை மாமா கிட்ட இருக்கு, அடுத்த மாசம் போட்டுக்கலாம்’ என்று பணத்தை மட்டும் கொடுத்தனுப்பிய வீடுகளில்தான் ஒரு தவணை இரண்டு முறை கட்டப்பட்டது. கடையின் பேரேட்டில் ஏறாத பணத்துக்கு அந்த அட்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

உத்தரவாதம் ஒரு வருடம், தவணையும் ஒரு வருடம் என்றால் கவலை இல்லை. தவணையைப் பதினெட்டு மாதம், இருபத்துநாலு மாதம் என்று நீட்டியவர்களுக்கு இடையில் பிக்சர் டியூப் போனால் நெருக்கடி. டியூப்தான் ஒரு டிவியில் விலை கூடிய ஒற்றைப் பாகம். ஓடாத டிவிக்குத் தவணையும் ஓட வைப்பதற்கு மெக்கானிக் செலவும் ஒரே மாதத்தில் வரும். தவணைக் காலம் உத்தரவாதத்தைத் தாண்டக் கூடாது என்பது அன்று அனுபவஸ்தர்கள் சொன்ன விதி. மாதத் தவணை கொஞ்சம் கனத்தாலும் அதுதான் சரி.

சம்பளப் பிடித்தமும் நகையும்

அரசு ஊழியர்களுக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. வட்டி கிடையாது, பத்து மாதத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தொகை சிறியது என்பதால் டிவி வராது, ஆனால் முன்பணத்துக்கோ ஆன்டெனாவுக்கோ ஆகும். ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் பெரிய தொகை கிடைத்தது. அங்கே பெரும்பாலும் குறையும் பாக்கிக்குத்தான் வட்டி. கடைக்காரர் சொல்லும் வட்டியும் சங்கம் சொல்லும் வட்டியும் பார்வைக்கு ஒன்றாக இருந்தால், சங்கத்துக்கு வட்டியில் ஏறக்குறைய பாதிதான் கட்ட வேண்டியிருக்கும். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு போனஸ். சட்டப்படியான குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. டிவிக் கடைகளின் சலுகைகள் தீபாவளியை ஒட்டியே குவிந்ததற்கு அதுவே காரணம்.

நகை அடகு என்றாலே முகம் சுளிப்பார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அதே 2,400-ஐ இரண்டு வட்டிக்கு அடகு வைத்து வாங்கி, மாதம் 200 அசலும் அன்றைய பாக்கிக்கு வட்டியும் கட்டிக்கொண்டே வந்தால், முதல் மாத வட்டி 48, அடுத்த மாதம் 44, அதற்கடுத்து 40 என்று இறங்கி, பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 312 ரூபாய். ஒன்றரை வட்டி என்று சொன்ன கடைக்காரருக்குக் கட்டியது 432. இரண்டு வட்டி ஒன்றரை வட்டியை விட மலிவு! கையில் ரொக்கத்தோடு போவதால் 150 ரூபாய் குறைப்பும் சேர்ந்து கிடைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கும். மாதாமாதம் அசலைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அடகுக் கடையில் யாரும் அதைக் கேட்டு வரமாட்டார்கள். வட்டி மட்டும் 48 கட்டிக்கொண்டிருந்தால் வருடக் கடைசியில் 576 போயிருக்கும், 2,400 அப்படியே நிற்கும். வட்டியும் கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். 1943-லிருந்தே நம் மாநிலத்தில் அடகுக் கடைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ரசீதும் கணக்கும் கொடுத்தாக வேண்டும். ரசீது இல்லாமல் வைத்த நகைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். சைக்கிளில் வரும் வசூல்காரர் தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லையால்தான் தவணைக் கடன் பல வீடுகளில் அடைந்தது.

வாங்காமலே பார்த்தவர்கள்

இவை எதற்கும் வழியில்லாதவர்களுக்கு இருந்தது பங்கு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம் என்று டிவி இருந்த வீட்டின் கூடம் நிறையும். சில வீடுகளில் பிள்ளைகளிடம் நாலணா வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். கலர் டிவியும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கிடைத்தன. தெருவே வசூல் போட்டு, மூன்று கேசட்டுகளோடு எடுத்துவந்து விடிய விடியப் பார்த்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுப்பார்கள். கொஞ்சம் பணம் இருந்தவர்கள் சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கித் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து டிவி அசெம்பிள் செய்துகொண்டார்கள். கம்பெனி டிவியை விட மலிவு. உத்தரவாதம் அந்த மெக்கானிக் ஊரில் இருக்கும்வரை.

பழைய அட்டை கிடைத்தால்

வீட்டுப் பரணில் தவணை அட்டை ஏதாவது அகப்பட்டால், உண்மையில் என்ன வட்டி கொடுத்தார்கள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மூன்று எண்கள் வேண்டும்: முன்பணம் போகக் கடனாக நின்ற தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம். தவணையை மாதங்களால் பெருக்கி அதில் கடனைக் கழித்தால் மொத்த வட்டி. அதை இரண்டால் பெருக்குங்கள். மாதங்களோடு ஒன்று கூட்டி, அதைக் கடன் தொகையால் பெருக்கிக்கொண்டு, முதல் விடையை இதனால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நம் டிவிக்கு: 432-ஐ இரட்டித்தால் 864. பதின்மூன்றை 2,400-ஆல் பெருக்கினால் 31,200. வகுத்தால் நூற்றுக்கு 2.77 வரும். துல்லியமான விடை 2.64. இந்தச் சுருக்குவழி எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் காட்டும், மாதங்கள் கூடினால் தூக்கலும் கூடும். இருபத்துநாலு மாதத்துக்கு மேல் போன தவணைக்கு இதை நம்ப வேண்டாம்.

முதல் தவணையை வாங்கும் அன்றே பிடித்துக்கொண்ட கடைகளும் உண்டு. அட்டையில் முதல் தேதியும் வாங்கிய தேதியும் ஒன்றாக இருந்தால், அந்தத் தவணையை முன்பணத்தோடு சேர்த்துக் கடனைக் குறைத்துக்கொண்டு, மாதத்திலும் ஒன்றைக் கழித்துவிட்டுப் போடுங்கள். பதின்மூன்றால் பெருக்கும் இடத்தில் மட்டும் முன்பணத்தைக் கழிக்க மறந்து, கடன் தொகைக்குப் பதில் முழு விலை 3,000-ஐப் போட்டுவிட்டால் வட்டி 2.2 என்று அடக்கமாகத் தெரியும்.